ஏரிவழி வந்த மாப்பிள்ளை

மின்னசூக் கோடை முகாம், மெய்ன்
ஆகஸ்ட் 8, 1973

அன்புள்ள நார்மன்,

நான் இங்கே சௌக்கியம் என்று எழுதினால் அது முகாம் நர்ஸ் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்லும் பொய். கொசுக்கடியில் என் கால்கள் இரண்டும் சோளக்கதிர் மாதிரி இருக்கின்றன. ப்ரூக்ளினில் எப்படி? உங்கள் ஷூக் கடையில் மின்விசிறியாவது ஒழுங்காகச் சுற்றுகிறதா?

ஷெரில் நலம். பதினாறு வயதாகிவிட்டதால் பெற்ற தாயை யாரோ மாதிரி பார்க்கிறாள். அவளுக்கு முகாமில் இதுதான் கடைசி வருஷம். நர்ஸ் வேலை பார்த்தால் பிள்ளைக்கு முகாம் இலவசம் என்றுதானே இத்தனை கோடையும் அயோடின் பாட்டிலோடு குடித்தனம் நடத்தினேன்! அவள் முடித்தால் நானும் முடித்தேன்.

இப்போது வெப்பமானி வைக்க ஒரு பிள்ளையும் உட்கார மாட்டேன் என்கிறது. எல்லாம் வண்ணப்போர் படுத்தும் பாடு. கடைசி நாட்களில் முகாமே நீலம், வெள்ளை என்று இரண்டாகப் பிரிந்து ஓட்டம், படகு, பாட்டு என்று மோதிக்கொள்ளும். அது என்றைக்கு வெடிக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. முகாம் தலைவர் மர்ரே ஏதாவது நாடகம் போட்டு திடீரென்று வெடிக்க வைப்பார். போன வருஷம் ஒரு போலீஸ்காரர் வந்து மர்ரேவுக்கு விலங்கு மாட்டி இழுத்துக்கொண்டு போனார். சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்ததும் அந்தப் போலீஸ்காரர் சட்டையைக் கழற்றினார். உள்ளே பனியன் பாதி நீலம், பாதி வெள்ளை. அதற்கு முந்திய வருஷம் சமையற்காரருக்கும் பாட்டு டீச்சருக்கும் கல்யாணம். கேக்கை வெட்டினால் அதுவும் இரண்டு நிறம்.

அதனால் இப்போது எது நடந்தாலும் நாடகம்தான். நேற்று சமையலறையில் எண்ணெய் பற்றிக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்தது. நிஜமான தீ, நிஜமான வண்டி. பிள்ளைகள் கைதட்டி வரவேற்று, அந்தத் தீயணைப்புக்காரரின் பொத்தானைக் கழற்றி உள்ளே என்ன நிறம் என்று பார்த்தார்கள். "யம்மா, இதுங்களைக் கொஞ்சம் பிடிங்கம்மா, எனக்குக் கூச்சமா இருக்கு" என்று மனிதர் என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டார்.

நீங்களும் கொஞ்சம் நீளமாக எழுதுங்களேன். "நலம். கடை நலம். மழை இல்லை" என்று தந்தி மாதிரி எழுதுகிறீர்கள். என் வீட்டுக்குச் சூப் குடிக்க வரும்போதுதான் வாய் திறப்பதில்லை, பேனாவாவது திறக்கட்டும்.

அன்புடன்,
பெர்னிஸ்


ப்ரூக்ளின்
ஆகஸ்ட் 11, 1973

அன்புள்ள பெர்னிஸ்,

நலம். கடை நலம். மழை பெய்தது.

நீங்கள் குறைப்பட்டுக்கொண்டதால் மேலும் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் திறக்கப்போவதால் வியாபாரம் உண்டு. இன்று ஓர் அம்மாள் மகனுக்கு ஒரு ஷூவைப் பிடித்துக்கொண்டு இதுதான் வேண்டும் என்றார். சிறியது, விரல் மடங்கும் என்றேன். "விக்கிற ஆள் மாதிரியா பேசுறீங்க நீங்க?" என்று திட்டிவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். கடிதத்தில் கேட்கிற விஷயம் இல்லை. டெலிபோனில் கேட்கலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் மர்ரே எடுத்து, "நார்மனா? சத்தமாச் சொல்லுங்க, இங்க ஒரே கூச்சல்!" என்றார். சத்தமாகச் சொல்கிற விஷயமும் இல்லை.

பெற்றோர் வந்து பார்க்கும் நாள் முடிந்துவிட்டதா? வாசல் காவலாளி கண்டிப்பானவரா? ஏரிப் பக்கமாக உள்ளே வர வழி உண்டா? சும்மா கேட்கிறேன்.

மரியாதையுடன்,
நார்மன் பெக்கெல்மன்

பி.கு. எனக்கு நீச்சல் தெரியாது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இதுவும் சும்மாதான்.


மின்னசூக்
ஆகஸ்ட் 15, 1973

நார்மன்! நார்மன்! நார்மன்!

அட, அமுக்கமான மனிதரே! உங்களுக்குள் இப்படி ஒரு நடிகர் உட்கார்ந்திருப்பது தெரியாமல் ஒரு வருஷமாக உங்களோடு சூப் குடித்துக்கொண்டிருந்தேனே!

படகில் இருந்த உங்களுக்குத் தெரிந்திருக்காது, கரையிலிருந்து எப்படி இருந்தது என்று நான் சொல்கிறேன். படகுத்துறையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காதுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். ஏரியில் ஒரு துடுப்புப் படகு. நேராக வரத் தெரியாமல் வட்டம் போட்டுப் போட்டு வருகிறது. அதில் கோட்டு, டை, தொப்பியோடு ஓர் ஆள். "நர்ஸம்மா, அங்க பாருங்க! ஆரம்பிச்சிருச்சு!" என்று ஒரு பொடியன் கத்தினான். அவ்வளவுதான், காதில் விட்ட மருந்து வழிய வழிய அத்தனை பேரும் கரைக்கு ஓடி, "போர்! போர்!" என்று குதித்தார்கள்.

கிட்டே வந்ததும்தான் அது நீங்கள் என்று தெரிந்தது. மர்ரே இந்த வருஷம் நாடகத்துக்கு உங்களைப் பிடித்திருக்கிறார் என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குத்தான் டெலிபோன், அதற்குத்தான் ஏரிப் பக்கம் வழி கேட்டது! படகிலேயே முட்டி போட்டீர்களே! "பெர்னிஸ், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?" என்றபோது குரல் நடுங்கியதே, காதுமடல் வரை சிவந்ததே, அதையெல்லாம் எப்படிச் செய்தீர்கள்?

நான் மட்டும் சளைத்தவளா? நீங்கள் நீட்டிய பெட்டியிலிருந்து மோதிரத்தை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டு, "சம்மதம்! சம்மதம்! நூறு தடவை சம்மதம்!" என்று ஏரி அதிரக் கத்தினேன். பெட்டியைக் கூட்டத்தில் வீசினேன். வெளியே நீல வெல்வெட், உள்ளே வெள்ளைப் பட்டு! பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டுமா? அந்த இடத்திலேயே நீலம் ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம். வெள்ளை அணிப் பிள்ளைகள் உங்களைத் தளபதி என்று பிடித்து இழுத்ததில் நீங்கள் தண்ணீரில் விழுந்தது மட்டும் திட்டத்தில் இல்லை என்று நினைக்கிறேன். நல்லவேளை, இடுப்பளவுதான். "ஒரு நிமிஷம், நான் பேசணும்" என்று நீங்கள் சொல்லச் சொல்ல, "தளபதி பேசுறாரு! தளபதி பேசுறாரு!" என்று அவர்கள் உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலி.

அதற்குள் ஒருத்திக்கு மூக்கில் ரத்தம் என்று கூப்பிட்டார்கள். திரும்பி வந்தால் நீங்கள் ரொட்டி வண்டியில் ஏறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காமல் ஏன் போனீர்கள்? நீங்கள் போன பிறகு ஏனோ மனசு சப்பென்று ஆகிவிட்டது. வயதாகிறது, வேறென்ன.

கண்ணாடி மோதிரத்தை நாடகச் சாமான் பெட்டியில் போட்டுவிட்டேன், கவலை வேண்டாம்.

உங்கள் ரசிகை,
பெர்னிஸ்


ப்ரூக்ளின்
ஆகஸ்ட் 19, 1973

திருமதி சக்மன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கடையைச் சாத்திவிட்டுப் படித்தேன்.

மர்ரே என்னை நாடகத்துக்குப் பிடிக்கவில்லை. யாரும் என்னைப் பிடிக்கவில்லை. நானாக வந்தேன். வாசலில் காவலாளி, "உங்க பிள்ளை பேரென்ன?" என்றார். பிள்ளை இல்லை, நர்ஸைப் பார்க்க வேண்டும் என்றேன். "உடம்புக்கு என்ன?" என்றார். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றேன். "அப்ப நர்ஸ் எதுக்கு?" என்றார். பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் படகு.

குரல் எப்படி நடுங்கியது என்று கேட்டிருந்தீர்கள். தானாக நடுங்கியது.

மோதிரம் கண்ணாடி இல்லை. என் அம்மாவுடையது.

இன்னும் பத்து நாளில் நீங்கள் வீட்டுக்கே வந்துவிடுவீர்களே, அங்கே கேட்டிருக்கலாமே என்று நினைக்கலாம். உங்கள் வீட்டில் நான் உட்காரும் சோபாவுக்கு நேர் எதிரே காலமான உங்கள் கணவர் மார்ட்டியின் படம் இருக்கிறது. மிக நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் என்னையே பார்க்கிறார். அவர் இல்லாத இடத்தில் கேட்க வேண்டும் என்று வந்தேன். அவர் ஒருவருக்குப் பயந்து இருநூறு பேர் எதிரில் வந்து நின்றேன்.

வெள்ளை அணியின் சட்டையிலும் யாருடையதோ ரப்பர் செருப்பிலுமாக ஊர் வந்து சேர்ந்தேன். பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மாள், "ஜெயிச்சீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அது நாடகம் இல்லை என்று தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இப்படிக்கு,
நா. பெக்கெல்மன்


மின்னசூக்
ஆகஸ்ட் 22, 1973

அன்பான, அருமையான, பாவப்பட்ட நார்மன்,

என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்!

உங்கள் கடிதம் பிரிக்காமல் ஏப்ரன் பையில் இருந்தது. காலைச் சாப்பாட்டில் மர்ரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பெர்னிஸ், அந்த ஆளை எங்க பிடிச்சீங்க? என்ன நடிப்பு! நான் இந்த வருஷம் போரை ஆரம்பிச்சு வைக்க ஒரு விமானம் பேசி வச்சிருந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க, சரிதான் போன்னு விட்டுட்டேன்" என்றார். என் கையில் இருந்த அப்பம் தட்டில் விழுந்தது. பிறகுதான் கடிதத்தைப் பிரித்தேன். ஷெரில் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பொருந்தாத ஷூவைப் பொருந்துதுன்னு சொல்லத் தெரியாத மனுஷன் அவரு. அவரு நடிப்பாருன்னு எப்படிம்மா நம்பினே?" என்றாள். பெற்ற பிள்ளையிடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மோதிரம் விஷயம் சொல்கிறேன், பதறாதீர்கள். நாடகச் சாமான் பெட்டியைத் திறந்தேன், மோதிரத்தைக் காணோம். நீல அணி தங்கள் ராஜாவின் கிரீடத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கிறது! கிரீடத்தைக் கொடு என்றால் எதிரி உளவாளி என்று என்னையே குடிலுக்குள் விட மாட்டேன் என்கிறார்கள். "நான் நர்ஸுடா, எனக்கு ஏதுடா கட்சி?" என்றேன். "வெள்ளைத் தளபதியைக் கட்டிக்கிறேன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்கிறான் ராஜா. அவனுக்கு முன்பல் இரண்டு இல்லை. கடைசியில் தலையில் பேன் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் கிரீடத்தை இறக்கினேன். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் ஊறவைத்து, பசையைச் சுரண்டி, கிரீடத்திலிருந்து ஒட்டிய ஜிகினாப் பொடியை ஊசியால் நோண்டி எடுத்தேன். பழைய பல் துலக்கியால் தேய்த்ததில் இப்போது முன்னைவிடப் பளபளப்பாக இருக்கிறது. பஞ்சில் சுற்றி மருந்து அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன், சாவி என் கழுத்தில். உங்கள் ஷூவையும் காகிதம் திணித்து நிழலில் காயவைத்திருக்கிறேன். தொப்பி மட்டும் வாத்துக்களிடம் போய்விட்டது.

இன்று சாயங்காலம் போர் முடிந்தது, வெள்ளை ஜெயித்தது. உங்களுக்குக் கோப்பை உண்டு.

மன்னிப்பு கேட்டுக்கொண்டு,
பெர்னிஸ்


ப்ரூக்ளின்
ஆகஸ்ட் 24, 1973

அன்புள்ள பெர்னிஸ்,

மோதிரம், ஷூ, தொப்பி மூன்றைப் பற்றியும் தெரிந்துகொண்டேன். நன்றி.

நான் கேட்டதற்குப் பதில் தேடினேன். பின்பக்கத்திலும் பார்த்தேன். இல்லை.

பரவாயில்லை. பொருந்தாதது என்றால் பொருந்தாதது என்று சொல்லிவிடலாம். எனக்கு அது பழக்கம்தான்.

நார்மன்


மின்னசூக்
ஆகஸ்ட் 27, 1973

அன்புள்ள நார்மன்,

நேற்று பிரிவு விருந்து. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் கோழிக்கறி ஆறிப்போனது. நீலமும் வெள்ளையும் ஒரே தோளில் சாய்ந்து மூக்குச் சிந்துகின்றன. ஜோடி இல்லாத காலுறை ஒரு மலை குவிந்திருக்கிறது. "இது யாருது?" என்று மர்ரே ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினால் ஒருத்தரும் என்னுடையது என்று சொல்வதில்லை, அவ்வளவு நாற்றம். படுக்கைகளைச் சுருட்டியாகிவிட்டது. நாளைக் காலை பேருந்துகள் கிளம்புகின்றன.

பார்த்தீர்களா, மறுபடியும் ஊர்க்கதை பேசுகிறேன். "அம்மா, உனக்குப் பயம்" என்றாள் ஷெரில். எனக்கென்ன பயம் என்றேன். "ஊசி போட்டுக்க வர்ற பசங்கதான் இப்படி வளவளன்னு பேசுவாங்கன்னு நீதானேம்மா சொல்லுவே?" என்றாள்.

பயம்தான், நார்மன். மார்ட்டி போனதிலிருந்து கோடை வந்தால் இங்கே ஓடிவந்துவிடுவேன். இருநூறு பேருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டே பொழுது போய்விடும். என்னை நான் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. இனி அந்தச் சாக்கும் இல்லை. மார்ட்டி இல்லாத வீட்டுக்குப் பயந்து உங்களுக்குச் சரி சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாதே, நானும் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் போன கடிதத்தில் கிரீடத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

யோசித்துப் பார்த்துவிட்டேன். நாடகம் இல்லை என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு நான் என்ன சொல்லியிருப்பேன், தெரியுமா? "யோசிக்க அவகாசம் கொடுங்கள்" என்றிருப்பேன். "ஷெரிலைக் கேட்க வேண்டும்" என்றிருப்பேன். உங்களைக் காயவைத்து, காப்பி கொடுத்து, அனுப்பியிருப்பேன். நாடகம் என்று நினைத்ததால்தான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் வாயில் வந்தது அதுதான். அன்றைக்கு நீங்கள் போன பிறகு மனசு சப்பென்று ஆனது வயதால் இல்லை. இதெல்லாம் விளையாட்டாகப் போயிற்றே என்றுதான் எனக்கு அவ்வளவு வருத்தம். அந்த வருத்தத்துக்குப் பெயர் தெரியாமல் நான் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். நானெல்லாம் ஒரு நர்ஸ்!

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. நாளை பிள்ளைகளை நியூயார்க்கில் பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டு, குளிக்காமல்கூட நேரே உங்கள் கடைக்கு வருகிறேன். யாராவது ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களை முதலில் கவனித்து அனுப்புங்கள், நான் காத்திருக்கிறேன். பிறகு இதைப் பிரித்துப் படியுங்கள். படித்ததும் நிமிர்ந்து பார்த்து, அன்றைக்குக் கேட்டதை இன்னொரு தடவை கேளுங்கள்.

சிரிக்காமல் நிற்கிறேன்.

உங்கள்
பெர்னிஸ்