நாற்பத்தொன்றாம் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

'மதிப்பிற்குரிய போதகர் அவர்களுக்கு' என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். உன் அத்தான் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மூக்கு ஒழுகினப்போ துடைச்சு விட்டவ நீ. தம்பின்னே எழுது" என்றார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

உன் விசாரணைக் குழு அனுப்பிய விதிமுறைகளைப் போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புதுப் போதகர் வாசித்தார். அரசாங்கத்தின் மறுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மூன்று வருஷம் திருவிருந்து கிடையாது. ஆராதனையில் அவர்கள் வாசலோர பெஞ்சில்தான் உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் சபைக்கு முன்னால் எழுந்து நின்று, ஏன் மறுதலித்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசியில் உன் பெயரையும் பட்டத்தையும் வாசித்தபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெருமைப்பட வேண்டிய நேரம் போலிருக்கிறது.

தடை நீங்கிய பிறகு நம் சபையில் இப்போது தொண்ணூறு பேர். அதில் அறுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டவர்கள். முன்பக்கம் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. வாசலோரம் பஸ் ஸ்டாண்டு மாதிரி நெரிசல். நான் கையெழுத்துப் போடவில்லை. என்னை யாரும் கேட்கவே இல்லை. தையல் கூடத்தில் ஊசி பிடிக்கிறவளின் விசுவாசம் யாருக்கு வேண்டும்? ஆனாலும் உன் அத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். புதுப் போதகர் வந்து, "அம்மா, நீங்க முன்னாடி வரலாமே" என்றார். எனக்கு இங்கே காற்று வருகிறது என்று சொல்லிவிட்டேன்.

நீ போன பிறகு இங்கே நடந்ததில் உனக்குத் தெரிந்தது பாதிதான். சபையைத் தடைசெய்து அரசாங்கம் உன்னைத் தேட ஆரம்பித்ததும் மூப்பர்கள் கூடி, மேய்ப்பன் பிழைத்தால்தான் மந்தை பிழைக்கும் என்று முடிவு செய்து உன்னை எல்லை தாண்டி அனுப்பினார்கள். அதில் எனக்குக் குறையில்லை. உன் பெட்டியைக் கட்டியதே நான்தானே. மூன்றாவது வாரம் உன் அத்தான் வேலை பார்த்த பஸ் டெப்போவுக்கு அரசாங்க ஆட்கள் வந்தார்கள். பிரேக் பிரிவில் வேலை செய்கிற எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். எனக்கும் இந்தச் சபைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இனி இருக்கப் போவதும் இல்லை என்று அச்சடித்த தாள். உன் அத்தான் கையெழுத்துப் போட்டார். அன்று வீட்டுக்கு வந்து ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

மருந்துக்கடை அம்மாவை மறந்திருக்க மாட்டாய். உன் பிரசங்கத்தில் தூங்கி வழிவாரே, அவர்தான். அவர் கையெழுத்துப் போடவில்லை. பதினான்கு மாதம் உள்ளே இருந்தார். இடது காது போய்விட்டது. சிறையில் சோப்பு சுற்றி வருகிற காகிதத்தின் பின்பக்கத்தில், கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதி வெளியே அனுப்பினார். 'இவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பட்டதில் இவருக்கும் பங்கு உண்டு' என்று. உன் அத்தானுக்கும் ஒன்று வந்தது. அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். உன் விதிமுறையில் ஏழாவது என்ன சொல்கிறது? சிறையிலிருந்தவர்கள் கொடுத்த சீட்டுகள் செல்லாது. அந்த அம்மா நல்ல காதருகே கையைக் குவித்துக் கேட்டுவிட்டு என்னிடம், "அடி வாங்கினது நான். மன்னிக்கிறதுக்கு மட்டும் உன் தம்பிகிட்ட அனுமதி வாங்கணுமோ?" என்றார். அதற்குப் பதில் நீ சொல்.

உன் அத்தானுக்கு இருமல் நிற்கவில்லை. வருஷக்கணக்காக பிரேக் தூசியைச் சுவாசித்ததால் நுரையீரல் காய்த்துப் போய்விட்டது என்கிறார் டாக்டர். மாடி ஏறினால் இரண்டு இடத்தில் நிற்கிறார். மூன்று வருஷம் என்று உன் பேனா சுலபமாக எழுதிவிட்டது. இவரிடம் அவ்வளவு நாள் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஏதாவது வழி உண்டா என்று பார்.

அங்கே குளிர் அதிகமென்று கேள்வி. காதை மூடிக்கொள்.

உன் அக்கா

தம்பிக்கு,

பதில் வரவில்லை. அவசரமாக எழுதுகிறேன். உன் அத்தான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நெஞ்சு வார்டு, ஜன்னல் பக்கத்துக் கட்டில். நாள்கணக்குதான் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

அவர் கேட்பது ஒன்றுதான். திருவிருந்து வேண்டும். ஒரு துண்டு அப்பம், ஒரு மிடறு திராட்சரசம். புதுப் போதகரிடம் போய் நின்றேன். நல்ல பிள்ளைதான். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. ஆனால், "குழுவிடமிருந்து எழுத்துமூலம் அனுமதி வேணும்மா. நானா செய்தா என் ஊழியம் போயிடும்" என்கிறார்.

நீ அனுப்பிய புத்தகத்தைக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். ஆதித் திருச்சபையின் ஆசிரியர்களைப் பற்றி நீ எழுதியது, 'அக்காவுக்கும் அத்தானுக்கும்' என்று முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாயே, அதுதான். கடலோர நகரத்து ஆயரைப் பற்றி எவ்வளவு உருகி எழுதியிருக்கிறாய்! துன்புறுத்தல் வந்தபோது அவரும் ஒளிந்துகொண்டார். ஒளிந்த இடத்திலிருந்து கடிதம் எழுதியே சபையை நடத்தினார். அவர் காலத்திலும் பயத்தில் ரோம தெய்வங்களுக்குப் பலிசெலுத்தியவர்கள் இருந்தார்கள், பலிசெலுத்தியதாகக் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் இருந்தார்கள், சிறையிலிருந்து சீட்டுக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள், நான் வரும்வரை பொறுங்கள் என்று அவர் எழுதினார். உன் விதிமுறைகள் எங்கிருந்து வந்தன என்று இப்போது புரிகிறது. ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவர், பஸ்ஸுக்கு பிரேக் மாட்டுகிறவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பார். சிறையிலிருந்தவர்களின் சீட்டைப் பெற்ற ஒருவர் நோயில் விழுந்து உயிருக்கு ஆபத்து என்றால், எனக்காகக் காத்திருக்க வேண்டாம், அங்கிருக்கிற மூப்பரோ அவரும் இல்லையென்றால் உதவிக்காரரோ அவருடைய அறிக்கையைக் கேட்டு, தலையில் கைவைத்து, சமாதானத்தோடு அனுப்பிவையுங்கள் என்று அதே ஆயர் சொல்லியிருக்கிறார். நீயே எழுதியிருக்கிறாய். இதை வாசித்ததும் உன் அத்தான் இருமலோடு சிரித்தார். "ஏய், இது என்னைப் பத்தியே எழுதினமாதிரி இருக்கே" என்றார்.

உன் விதிமுறையில் மட்டும் இந்தப் பக்கம் ஏன் இல்லை? மறந்துவிட்டாய் என்று நம்புகிறேன். தந்தி மாதிரி ஒரு வரி போதும். 'கொடுங்கள்' என்று எழுது.

அக்கா

தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. உன் அத்தானை அடக்கம் செய்து ஒன்பதாவது நாள் வந்தது. இரண்டு பக்கம், தட்டச்சு செய்தது. இந்தக் கோரிக்கையைக் குழு அனுதாபத்துடன் கவனித்தது என்றும், குடும்ப உறவு இருப்பதால் இதில் முடிவெடுப்பதிலிருந்து நீ விலகிக்கொண்டாய் என்றும், அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்றும் இருந்தது. கீழே ஐந்து அடிக்குறிப்புகள். பொறுமையாக எல்லாவற்றையும் வாசித்தேன். அத்தான் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. 'விண்ணப்பதாரர்' என்று இருந்தது.

அவர் எப்படிப் போனார் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

கடைசி நாள் காலையில் புதுப் போதகர் வந்தார். கையில் அந்தச் சின்னத் தோல்பை இருந்தது. அதில் அப்பமும் ரசமும் இருந்தன என்று அவர் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது. நான் புத்தகத்தைத் திறந்து நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தார். "இது புத்தகம்மா. அது உத்தரவு" என்றார். பிறகு கட்டிலருகே வந்து நோயாளிகளுக்கான பொது ஜெபத்தைச் சொன்னார். பையைத் திறக்கவில்லை. திரும்பிப் போகும்போது வராண்டாவில் சுவரில் சாய்ந்து அழுததாக நர்ஸ் சொன்னாள். அழட்டும். அவருக்காவது அழுகை வருகிறது.

மத்தியானம் மருந்துக்கடை அம்மா வந்தார். நடந்ததைக் கேட்டதும் கேன்டீனுக்குப் போய் ஒரு ரொட்டித் துண்டும் திராட்சைச் சாறும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "நானே குடுக்கிறேன். என்னை யாரு என்ன பண்ணிடுவாங்க?" என்றார். உன் அத்தான் அந்த ரொட்டியை வெகுநேரம் பார்த்தார். பிறகு வேண்டாம் என்று தலையசைத்தார். பேச்சு விட்டு விட்டு வந்தது. "உங்களையும் வாசல்ல உட்கார வெச்சிடுவாங்கம்மா. பதினாலு மாசம் உள்ளே இருந்துட்டு வந்தவங்க. அது எனக்குத் தாங்காது" என்றார். அந்த அம்மாவுக்குச் சரியாகக் காது கேட்கவில்லை. நான்தான் குனிந்து நல்ல காதில் திரும்பச் சொன்னேன். இதைவிடக் கஷ்டமான வேலை என் வாழ்நாளில் செய்ததில்லை. நாலு மணி சுமாருக்கு மூச்சு நின்றது.

இனி நான் எழுதப்போவதை எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சத்தியம் வாங்கியவர் போய்விட்டார்.

டெப்போவில் எல்லோருக்கும் முன்னால் மேஜையில் ஒரு தாள் வைத்தார்கள். உன் அத்தானை மட்டும் உள்ளே டயர் கிடங்குக்குக் கூட்டிப் போனார்கள். போதகரின் அக்கா புருஷன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உன்னை எல்லைக்குக் கொண்டுபோய் விட்ட வேனை ஓட்டியது அவர்தான் என்பது உனக்குத் தெரியும். எல்லையைத் தாண்ட வழி கிடைக்கும்வரை நீ எந்த ஊரில், யார் வீட்டில் ஒளிந்திருந்தாய் என்பதும் அவருக்குத் தெரியும். போதகர் எங்கே என்று சொல்லு, உன்னை விட்டுவிடுகிறோம், நீ உன் சாமியையே கும்பிட்டுக்கொள் என்றார்களாம். இவர், "எனக்கும் அந்த ஆளுக்கும் பேச்சே கிடையாது. அந்தச் சபையே எனக்கு ஆகாது. வேணும்னா தாளைக் கொண்டாங்க, முதல் கையெழுத்து நான் போடறேன்" என்றாராம். போட்டார். நம்பிவிட்டார்கள். அடுத்த ஒரு வாரத்துக்குள் நீ அந்த வீட்டிலிருந்து எல்லை தாண்டிப் பத்திரமாகப் போய்விட்டாய்.

முதல் கையெழுத்து அவருடையது. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போட்டார்கள் என்று உன் குழுவின் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. 'தூண்டுதலாக அமைந்தவர்' என்று. அதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

விதிமுறை வந்த அன்றே உனக்கு எழுதிவிடுகிறேன் என்று துடித்தேன். அவர் விடவில்லை. "அவனுக்குத் தெரிஞ்சா உடனே எனக்கு மட்டும் விலக்குக் குடுத்துடுவான். மிச்சம் அறுபத்தொரு பேரு என்ன பாவம் பண்ணாங்க? அவங்க வீட்டிலேயும் ஏதாவது ஒரு காரணம் இருந்திருக்கும். எல்லாருக்கும் குடுக்கட்டும், நானும் வாங்கிக்கிறேன்" என்றார். உன்னை அவர் எவ்வளவு தப்பாகப் புரிந்துவைத்திருந்தார், பார்த்தாயா? நீ உறவுக்காக வளைந்துகொடுப்பாய் என்று கடைசிவரை பயந்துகொண்டிருந்தார்.

அவர் இருக்கும்போது இதைச் சொல்லாத குற்றம் என்னுடையது. அதை நான் சுமந்துகொள்கிறேன். உன் பங்கை உனக்கு அனுப்பிவைக்கத்தான் இந்தக் கடிதம்.

கல்லறைத் தோட்டத்தில் சுற்றுச்சுவரை ஒட்டிய வரிசையில் இடம் கொடுத்தார்கள். மணி அடிக்கவில்லை. அடக்கத்துக்கு வாசலோர பெஞ்சுக்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். முன்பெஞ்சிலிருந்து மருந்துக்கடை அம்மா மட்டும் வந்தார்.

உன் புத்தகத்தைக் கடைசிவரை வாசித்துவிட்டேன். அந்த ஆயரைப் பற்றி எனக்கு இப்போது கோபமில்லை. ஒளிந்தவர்தான். கண்டிப்பாக எழுதியவர்தான். ஆனால் அவர் தன் ஊருக்குத் திரும்பி வந்தார். விழுந்தவர்கள் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் துன்பம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மற்ற ஆயர்களோடு கூடி, தவம் செய்துகொண்டிருந்த எல்லோரையும் உள்ளே சேர்த்துக்கொண்டார். வெறுங்கையோடு இவர்களைச் சண்டைக்கு அனுப்ப முடியாது என்றாராம். பின்னொரு நாள் அவரைப் பிடிக்க வந்தபோது ஒளியாமல் கழுத்தைக் கொடுத்தார். இதெல்லாம் நீ எழுதியதுதான், எழுபதாம் பக்கத்துக்கு மேல். அவர் ஒளிந்திருந்தபோது எழுதிய கடிதங்கள் மட்டும்தான் உனக்குச் சட்டமாகத் தெரிந்தன. திரும்பி வந்த பிறகு செய்தது உனக்குச் சரித்திரம்.

அடுத்த மாதம் நம் சபையின் ஆண்டு விழாவுக்கு நீ வருகிறாய் என்றும், 'ஆதி ஆசிரியர்களும் இன்றைய விசுவாசமும்' என்று பேசப்போகிறாய் என்றும் அறிவித்திருக்கிறார்கள். நான் வரமாட்டேன். நீ வீட்டுக்கு வந்தால் கதவைத் திறப்பேன், சாப்பாடு போடுவேன். அம்மா வயிற்றில் பிறந்தவனைப் பட்டினி போட எனக்குத் தெரியாது. அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்காகக் கேட்கவில்லை. வாசலோர பெஞ்சில் இன்னும் அறுபத்தொரு பேர் இருக்கிறார்கள். அதில் டெப்போ காவலாளிக்குச் சர்க்கரை முற்றி ஒரு கால் போய்விட்டது. சலவைக்கடைக்காரரின் மனைவிக்கு மார்பில் கட்டி. பள்ளிக்கூட மணி அடிப்பவர் போன வாரம் ஆராதனை நடுவிலேயே மயங்கி விழுந்தார். இவர்களில் ஒருவருடைய முகத்தையாவது பார்த்துவிட்டு மேடை ஏறு. உன் அடுத்த கூட்டம்வரை அவர்களால் காத்திருக்க முடியாது.

நீ நன்றாக இரு. நீண்ட ஆயுசோடு இரு. உனக்கும் ஒரு நாள் யாரிடமாவது இரக்கம் கேட்டு நிற்க வேண்டி வரும். அன்று உன் முன்னால் இருப்பவர் அதிகம் படிக்காதவராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா