வறுத்த மண்

சென்னை-17
18.1.1974

அருமை மருமகள் ஜெயபாரதிக்கு மாமா ராஜரத்தினம் எழுதிக்கொண்டது. உஸ்மான் ரோடு ஜவுளிக்கடையும் உன் அத்தையும் நானும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை எடின்பரோ குளிர் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்.

நீ ஆராய்ச்சிக்குக் கேட்ட மண் விமானம் ஏறியாச்சு. தபாலாபீசில் உன் அனுமதிச் சீட்டைப் பார்த்ததும் பெரிய அதிகாரியே எழுந்து நின்றுவிட்டார். "எந்த ஊர் மண் ஐயா, இப்படி மினுங்குது?" "எங்க கொல்லை, வாழையடி மண்" என்றேன். கியூ முழுக்கக் கை தட்டியது!

கடையில், என் மருமகள் காத்துக்கே வைத்தியம் பார்க்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் புடவையை விட்டுவிட்டு உன்னைத்தான் விசாரிக்கிறார்கள்.

நேற்று அடையாறிலிருந்து உங்கப்பா வந்தார். "இந்தக் கோடைக்குள்ள அவ வேலை ஆரம்பிக்கலைன்னா பொண்ணைத் திருப்பிக் கூப்பிட்டுருவேன் மச்சான். விருதுநகர் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எத்தனை நாள் காத்திருப்பாங்க?" என்றார். "என் கொல்லை மண் போயிருக்கு அத்தான், இனி ராணியே கூப்பிட்டுப் பட்டம் கொடுப்பா" என்று வாயை அடைத்தேன்.

உன் மாமா
டி. ராஜரத்தினம்

எடின்பரோ
20.2.1974

அன்புள்ள மாமா,

மண் வந்தது. கல்லில்லை, வேரில்லை, மாவு மாதிரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் பயந்தேன்.

உயிருள்ள மண் மூச்சு விடும் மாமா. குடுவையில் மூடி வைத்தால் கரியமில வாயு சேரும். மூன்று குடுவையிலும் ஒன்றுமே சேரவில்லை. மண் செத்துக் கிடக்கிறது.

காற்றில் அந்த வாயு வருஷா வருஷம் ஏறிக்கொண்டு போகிறது. செடிக்கு அது சாப்பாடு. அதிகம் சாப்பிட்ட செடி, வேர் வழியாகக் கொஞ்சம் சர்க்கரையை மண்ணில் கசிய விடும். கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் அதைத் தின்று பெருகும். தின்றதை மண்ணிலேயே சேர்த்து வைக்குமா, மூச்சாக விட்டுக் காற்றுக்கே திருப்பிவிடுமா? அதுதான் என் கேள்வி. இந்த ஊர் மண்ணில் பார்த்துவிட்டேன். வெயிலூர் மண்ணில் பார்க்கணும். ஏப்ரலுக்குள் விதைக்காவிட்டால் இந்த வருஷம் போச்சு என்கிறார் பேராசிரியர்.

மண்ணை என்ன செய்தீர்கள்? சத்தியமாகக் கோபமில்லை.

ஜெயா

சென்னை-17
4.3.1974

ஜெயா,

வறுத்தேன்.

தோண்டினபோது புழு நெளிந்தது. வெள்ளையாய் நூல் நூலாய் என்னவோ பூத்திருந்தது. கழனித்தண்ணி வாடை வேறு. என் வீட்டு மண்ணில் புழு என்று வெள்ளைக்காரன் சொல்லிவிடக் கூடாதே என்று தோன்றியது. வேட்டியைக்கூடக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல்தானே விற்கிறோம். சலித்தேன். அத்தையின் முறுக்குச் சட்டியில் வறுத்தேன். மஞ்சள்தூளும் கொஞ்சம் தூவினேன்.

தபாலாபீசில் யாரும் எழுந்து நிற்கவில்லை. குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

இன்று அதே இடத்தில் தோண்டி, ஈரத்தோடு துணிப்பையில் கட்டி அனுப்பிவிட்டேன். ஒரு மண்புழுவை மட்டும் எடுத்து வெளியே விட்டேன். அதற்கு அனுமதிச் சீட்டு இல்லை.

அத்தானிடம் போய், தப்பு என்னுது, பொண்ணு மேல ஒண்ணுமில்லை என்று சொன்னேன்.

ராஜரத்தினம்

எடின்பரோ
22.4.1974

அன்புள்ள மாமா,

மூச்சு விடுகிறது! முதல் ராத்திரியே குடுவையில் தெரிந்துவிட்டது. நேற்று விதைத்தேன். என்ன பதில் வருமோ, பட்டம் வருமோ வராதோ, இப்போது சொல்ல முடியாது.

அப்பா எழுதியிருந்தார். "உங்க மாமா வந்தான். பிறந்ததுலேர்ந்து முதல் தடவையா ஒண்ணுமே சேர்க்காமப் பேசினான். எனக்கு என்னவோ போல ஆயிருச்சு. இன்னும் ஒரு வருஷம் பார்க்கிறேன்னு விருதுநகருக்குச் சொல்லியாச்சு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது மாமா. உங்கள் போன கடிதத்தை நாலு தடவை படித்தேன். எழுந்து நிற்கிற ஒரு அதிகாரி இல்லை, ஒரு கைதட்டல் இல்லை. சலித்து வறுத்து அனுப்பின மாதிரி இருந்தது.

அடுத்த கடிதத்தைக் கொல்லையிலிருந்து அப்படியே அள்ளி அனுப்புங்கள். புழுவோடு.

உங்கள்
ஜெயா