குளிர் கலனுக்கு எந்தச் சமன்பாடு

பிப்ரவரி 9, திங்கள்

லேசான பனி. பல்லடம் சாலை முழுக்கக் கம்பெனி பஸ்கள்.

வெள்ளிக்குள் ஒரே ஒரு முடிவு. வெட்டுத்துணிக் கழிவிலிருந்து டீசல் எடுக்கும் எங்கள் சிறிய ஆலையில், கடைசிக் குளிர் கலனை எந்தச் சமன்பாட்டை நம்பிக் கட்டுவது? துணியை அரைகுறையாக எரித்தால் வாயு. வாயுவிலிருந்து எண்ணெய், கூடவே தண்ணீர். கலனில் மூன்றும் பிரியும். எதில் எது எவ்வளவு கரைந்திருக்கும் என்பதுதான் கேள்வி.

எம்.டெக். காலத்திலிருந்து நான் நம்புவது அழுத்தம், வெப்பம், கன அளவு மூன்றையும் இணைக்கும் நிலைச் சமன்பாடு (இனி நி.ச.). சின்ன மாதிரி உலையை ஓட்டிச் சூட்டில் எடுத்த அளவுகளோடு கோட்டின் மேல் கோடாகப் பொருந்தியது. குளிர் கலனின் தண்ணீர் சுத்தம் என்கிறது. பக்கத்துச் சாய ஆலையும் முதலாளியுடையது; அவருக்கு அந்தத் தண்ணீர் மேல்தான் ஆசை. நேரே சாயத் தொட்டிக்குக் குழாய். வரைபடத்தில் அதைப் போட்டவள் நான்.

மதியம் தக்காளி சாதம். தூக்கம் சொக்கியது.

பிப்ரவரி 10, செவ்வாய்

மகேஸ்வரி மாதிரி உலையின் சோதனை ஓட்டத் தண்ணீரில் ஒரு பாட்டில் கேட்டாள். சாய ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் பரிசோதனை செய்பவள். என் வயது. மூடியைத் திறந்தாள்.

"ஏனுங்க இன்ஜினியரம்மா, இது தண்ணிங்களா, சரக்குங்களா?"

"வாசம் மட்டும்தான் மகேசு."

"எங்க தொட்டில இருக்கற பாக்டீரியா எல்லாம் நல்ல குடும்பத்துப் புள்ளைங்க. கெடுத்துப்போடாதீங்க."

சிரித்தோம். பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 11, புதன்

பாட்டில் தண்ணீரின் பரிசோதனை முடிவு வந்தது. தண்ணீரில் ஆல்கஹால், கொஞ்சம் அமிலமும். நி.ச. சொன்னதோ ஏறக்குறைய ஒன்றுமில்லை.

காரணம் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். தண்ணீரும் ஆல்கஹாலும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். நி.ச.வுக்கு அந்தப் பிடி தெரியாது. நான் ஒப்பிட்டுப் பார்த்தது வாயுவையும் எண்ணெயையும் மட்டும். தண்ணீரை யாரும் அளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிடியைக் கணக்கில் எடுக்கும் என்.ஆர்.டி.எல். மாதிரியை ஓட்டினேன். மகேஸ்வரியின் எண்ணுக்கு அருகில். ஆனால் உலையின் அழுத்தத்தில் அது உதவாது. ஆக:

சூடான பகுதி: நி.ச.
குளிர் கலன், எண்ணெயும் தண்ணீரும்: என்.ஆர்.டி.எல்.
அதில் கரையும் வாயு: தனிக் கணக்கு.

முழு ஆலைக்கும் ஒரே சமன்பாடு என்ற அழகு போயிற்று. அரை மணி நேரம் வருத்தம். பிறகு, ஏனோ, நல்ல பசி.

முதலாளியிடம் சொல்லியாக வேண்டும். வெள்ளி.

பிப்ரவரி 13, வெள்ளி

முதலாளி நிறம் பார்க்கும் அறையில். விளக்குப் பெட்டிக்குள் நேவி ப்ளூ துணித் துண்டு. எல்லாம் சொன்னேன்.

"அப்ப அந்தத் தண்ணி சாயத்துக்கு ஆகாதுங்கற?"

"அப்படியே ஆகாதுங்கண்ணா. ஆல்கஹாலைப் பிரிக்க ஒரு டவர் வேணும். மிச்சத் தண்ணி மகேஸ்வரி தொட்டிக்குப் போகணும்."

"போன வாரம் சுத்தம்னியே."

"சொன்னேனுங்க. சூட்டுல மட்டும் ஒத்துப்பாத்தேன். தப்பு என்னுதுங்க."

அவர் பெட்டியின் பொத்தானை அமுக்கினார். விளக்கு மாறியது. நேவி ப்ளூவில் சிவப்பு ஏறியது.

"ஒரே லைட்டுல பாத்து ஓகே போட்டு, முழு லாட்டும் திரும்பி வந்திருக்குது எனக்கு. கப்பல்ல போயி கப்பல்ல வந்துச்சு." துணியை வெளியே எடுத்தார். "உன்னுது இன்னும் காயிதத்துலதான இருக்குது. டவர் படம் எப்பத் தருவே?"

"திங்கக்கிழமைங்கண்ணா."

"எம்.டெக்குனு சொன்னாங்க. நாளைக்கே தருவீன்னு நெனச்சேன்."

மாலை. வரைபடத்தில் சாயத் தொட்டிக் குழாயை அழித்தேன். அந்த இடத்தில் டவர். மகேஸ்வரி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"டவர் தாண்டி எங்களுக்கு எவ்வளவு வருமுங்க?"

என்.ஆர்.டி.எல். தந்த எண்ணைச் சொன்னேன்.

"நம்பலாமுங்களா?"

தெரியாது என்றேன். அளந்தே பார்க்க, திங்கட்கிழமைக்குள் இன்னும் நாலு பாட்டில் தண்ணீர், நாலு வெவ்வேறு குளிரில். லேபிள் ஒட்ட உட்கார்ந்துவிட்டாள்.