கம்பி மாற்றிய மத்தியானம்

கோச்சடை, மதுரை
21.1.2025

அன்புள்ள சுபாவுக்கு,

போனை எடுத்தால் நீயும் கத்துகிறாய், நானும் கத்துகிறேன். எழுதினால்தான் பதில் போடுவேன் என்று சொல்லிவிட்டாய். சரி தாயே, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்கப்புறம் இதுதான். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

பொங்கலுக்கு நீ வந்துவிடுவாய் என்று அத்தை கரும்பை வெட்டாமல் வைத்திருந்தார். மகள் வரவில்லை, மருமகன்தான் போய்ச் சாப்பிட்டு வந்தேன். "எம்புட்டு நாளைக்குய்யா அவ மெட்ராஸ்ல கெடப்பா?" என்று கேட்டார். எனக்கா தெரியும்? தீபாவளி முடிந்ததும் பெட்டியைத் தூக்கியவள் நீ, என்னைக் கேட்டால்?

பங்குனியில் டி. கல்லுப்பட்டி கோயில் திருவிழாக் கச்சேரி நம் குழுவுக்கே வந்திருக்கிறது. "அக்கா பாடினாத்தாண்ணே நான் கீபோர்டையே பிரிப்பேன்" என்று பாலகணேஷ் அடம்பிடிக்கிறான். நீ வருவாய் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அதற்காகத்தான் பேஸ் கிட்டாரை மாற்றப் போகிறேன். நீ பாட்டையெல்லாம் சுருதியில் அரைக் கட்டை இறக்கிப் பாட ஆரம்பித்ததிலிருந்து என்னுடைய நாலு கம்பி போதவில்லை. மூன்று கட்டைக்குக் கீழே அதில் ஸ்வரமே கிடையாது. நீ இரண்டரையில் போய் நிற்கும்போது நான் வேறு வழியில்லாமல் மேல் ஸ்தாயிக்கு ஏறிவிடுகிறேன். பாட்டுக்கு அடியில் தரையே இல்லாத மாதிரி இருக்கிறது. ஐந்து கம்பி வைத்ததை வாங்கினால் அந்தக் கவலை இல்லை. கடையில் இரண்டை மாட்டிப் பார்த்தேன். ஒன்று தோளை இறக்குகிற கனம், விரல் ஓடுகிற நெக்கும் அகலம், ஆனால் அடிக்கம்பியைத் தொட்டால் கடைக் கண்ணாடி அதிர்கிறது. இன்னொன்று இலேசு, பார்க்கவும் அழகு, அடிக்கம்பிதான் தொளதொளவென்று ஆடுகிறது. ஒவ்வொரு கச்சேரியிலும் கால் கடுக்க நிற்கிறவனைத் தோள் வேணுமா சத்தம் வேணுமா என்று கேட்டால் என்ன சொல்வான்?

"அந்தச் சத்தம் வேணாம் மாமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாயே, நான் மறக்கவில்லை. இந்த முறை உனக்குப் பிடித்த மாதிரி கொண்டுவந்து காட்டுகிறேன். அதைக் கேட்கவாவது வா.

உன்
சூர்யா

---

சாலிகிராமம், சென்னை
2.2.2025

அன்புள்ள மாமா,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து ஒன்றும் மோசமில்லை, பிழைதான் வண்டி வண்டியாக இருக்கிறது.

நான் நன்றாக இருக்கிறேன். ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேடிக் கண்டுபிடித்தால் பரிசு தருகிறார்களாம். கல்யாண ரிசப்ஷன்களில் பாடுகிற ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறேன். இவர்கள் மேடையில் உங்களுடையது மாதிரி ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப் என்ற பேச்சே இல்லை. கிட்டார்காரர்கள் எல்லாரும் ஒயரை நேராகச் சவுண்ட் மிக்சருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பாடுகிறவர்கள் காதுக்குள் சின்ன மானிட்டர். யாருக்கு எது வேணுமோ அது மட்டும் காதில் வரும். நான் பேஸை முழுக்கக் குறைக்கச் சொல்லிவிட்டேன். கோபப்படாதீங்க.

நீங்கள் நிறையத்தான் எழுதியிருக்கீங்க. தோள், நெக், கடைக் கண்ணாடி எல்லாம் இருக்கிறது. நம் பிள்ளை எங்கே மாமா? அவள் போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. எட்டாம் மாதத்தில் மூச்சில்லாமல் பிறந்தவளைப் பேர்கூட வைக்காமல் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தீங்க. அன்றிலிருந்து இன்றுவரை அவளைப் பற்றி உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நான் அழுதால் எழுந்துபோய்க் கிட்டாரைத் துடைப்பீங்க. மெட்ராஸில் பாடிப் பெரிய ஆளாகப் போகிறாள் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறீங்களாம், அம்மா சொன்னது. நான் எதற்காகக் கிளம்பினேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனியாக அழ முடியவில்லை, அதனால் கிளம்பினேன்.

அவளைப் பற்றி ஒரு வரி எழுதுங்க மாமா. ஒரே ஒரு வரி. அது வந்தால் நான் கல்லுப்பட்டிக்கும் வருவேன், வீட்டுக்கும் வருவேன்.

சுபா

---

கோச்சடை
16.2.2025

சுபாவுக்கு,

படித்தேன். மறுபடியும் படித்தேன். அதைப் பற்றி என்ன எழுதச் சொல்கிறாய்? எழுதினால் திரும்பி வருமா? விடு சுபா. கிளறாதே.

ஐந்து கம்பி வாங்கிவிட்டேன், அந்தக் கனமானதையே. தோள் போனால் போகட்டும். முதலில் அதில் ஃப்ளாட் கம்பி போட்டேன். சாதாரணக் கம்பி சுருள் சுருளாக இருக்கும், விரல் நகர்ந்தால் கீச்சென்று கேட்கும். இது பட்டையாகச் சுற்றியது, தடவினால் வழவழவென்று போகும். சத்தமும் மெத்தென்று, ரொம்பக் காலம் வாசித்துப் பழகின கம்பி மாதிரி வரும். உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். கிட்டே வந்துவிட்டது, ஆனால் அது இல்லை. கழற்றிவிட்டேன். இப்போது பழையபடி சுருள் ரகத்தில் நிக்கல் கம்பி போட்டிருக்கிறேன், ஒரு மாதம் வாசித்து அது பழகட்டும் என்று விட்டிருக்கிறேன்.

பெரிய ஆம்பையும் மாற்றியாயிற்று. அந்தப் பதினைந்து இன்ச் ஸ்பீக்கர் வயிற்றைக் கலக்குகிறது என்று நீதானே சொன்னாய்? இப்போது பத்து இன்ச்சில் இரண்டு வைத்த பெட்டி. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கும், இடிக்காது. மேடையில் உனக்குப் பின்னால் வைக்காமல் டிரம்ஸ் பக்கம் தள்ளிவைக்கிறேன். இதற்கு மேல் என்ன செய்யச் சொல்கிறாய்?

"கம்பி மாத்துற வேகத்துக்குச் சட்டையை மாத்தியிருந்தீங்கன்னா அக்கா ஓடியிருக்க மாட்டாங்கண்ணே" என்கிறான் பாலகணேஷ். குழுவே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட ஆளில்லை.

ஒரு தடவை வந்து கேட்டுப் பார். பிடிக்கவில்லை என்றால் அப்புறம் போ.

சூர்யா

---

சென்னை
2.3.2025

மாமா,

அன்புள்ள என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

உங்கள் சத்தம் சரியில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தச் சத்தமே எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். நீங்கள் கம்பியை மாற்றினீங்க. மறுபடி சொன்னேன், ஆம்பை மாற்றினீங்க. இன்னும் சொன்னால் ஆளையே மாற்றியிருப்பீங்க போல. அட கடவுளே, இந்த மனுசனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்!

நீங்கள் எழுத மாட்டீங்க. நானே எழுதுகிறேன்.

அதே கல்லுப்பட்டி மேடையில்தான் அவள் முதல்முதலில் உதைத்தாள். ஐந்தாம் மாதம். உங்கள் ஆம்ப் எனக்குப் பின்னால் இருந்தது. அடிக்கம்பியில் ஒரு ஸ்வரத்தை நீளமாகப் பிடித்தீங்க, மேடைப் பலகை அதிர்ந்தது, உள்ளேயிருந்து இவள் ஒரு உதை விட்டாள். நான் சரணத்தை விட்டுவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பாட்டு மறந்துபோச்சு என்று நினைத்து நீங்கள் வாயை அசைத்து வரியை எடுத்துக்கொடுத்தீங்க. மேடையைவிட்டு இறங்கிச் சொன்னதும் சவுண்ட் பெட்டிக்குப் பின்னால் நின்று அழுதீங்களே, ஞாபகம் இருக்கிறதா?

வளைகாப்புக்கு அப்புறம் நான் மேடை ஏறவில்லை. தினமும் மத்தியானம் சாப்பாடு ஆனதும் ஆம்பை என் நாற்காலிப் பக்கம் இழுத்துப்போட்டு அதே ஸ்வரத்தை வாசிப்பீங்க. அவளும் உதைப்பாள். "பாட்டுக்காரி மகள்னு நெனச்சியா? இவ என் ஆளுடி" என்று என்னிடம் பீற்றிக்கொள்வீங்க.

அப்புறம் அந்த மத்தியானம் வந்தது. வாசித்தீங்க, அசைவில்லை. தூங்குகிறாள் என்றேன். கொஞ்சம் பொறுத்து வாசித்தீங்க. இல்லை. "கம்பி ரொம்பப் பழசாயிருச்சு சுபா, அதான் பிள்ளைக்குக் கேக்க மாட்டேங்குது" என்று சொல்லி நாலு கம்பியையும் கழற்றினீங்க. புதுக் கம்பி மாட்டி, சுருதி சேர்த்து, ஆம்பைக் கூட்டிவைத்து வாசித்தீங்க. திரும்பத் திரும்ப வாசித்தீங்க. நான் வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம்தான் ஆட்டோவைக் கூப்பிட ஓடினீங்க.

அதற்கு முதல் நாளே எல்லாம் முடிந்துவிட்டது, எப்போது வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, சாமி சத்தியமாக. ஆனால் அந்தச் சத்தம் வந்து வயிற்றில் பட்டால் நான் அந்த நாற்காலிக்கே போய்விடுகிறேன் மாமா. எந்தக் கம்பி போட்டாலும் அப்படித்தான்.

சுபா

---

கோச்சடை
9.3.2025

என் சுபாவுக்கு,

ஒரு வரி கேட்டாய்.

அவளுக்கு என் அம்மாவுடைய நெற்றி. மேலே ஏறின, அகலமான நெற்றி. நீ மயக்கத்தில் இருந்தாய். துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். பார்க்க வேண்டாம் மாப்ள என்று உன் சித்தப்பா சொன்னார். நான் துணியை விலக்கிப் பார்த்தேன். வலது காலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தேன். இம்புட்டுக்கூண்டு கால் சுபா. "இந்தக் காலை வச்சுக்கிட்டா தாயி என்னை அம்புட்டு உதை உதைச்ச?" என்று அவளிடம் கேட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுகொண்டிருக்க முடியாது என்று பயம். நீ அழும்போதெல்லாம் எழுந்துபோனதும் அதனால்தான்.

உனக்குப் பிடித்த சத்தத்துக்காக மாற்றுகிறேன் என்று எழுதினேன். அதில் பாதிதான் உண்மை. அவள் எதற்கு உதைத்தாளோ அந்தச் சத்தத்தைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். அது அந்தப் பழைய கம்பியின் சத்தம். வேர்வையும் அழுக்கும் ஏறி, கீச்சென்ற ஒலியெல்லாம் போய், மெத்தென்று வருமே, அது. அன்றைக்கு அதைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து தேடினேன், குப்பை வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் எத்தனை கம்பி, எத்தனை ஸ்பீக்கர்! எதிலும் வரவில்லை. வந்தால் மட்டும் என்ன ஆகும் என்று கேட்காதே. ஒன்றும் ஆகாது, தெரியும். இருந்தாலும் அடிக்கம்பியை மீட்டும்போதெல்லாம் உள்ளே எங்கேயோ அவள் ஒரு உதை விடுகிற மாதிரி இருக்கிறது. அதை விட மனசு வரவில்லை.

இனிமேல் விட்டுவிடுகிறேன். கொட்டாம்பட்டியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற மலையாண்டி அண்ணன், கிட்டாரையும் ஆம்பையும் விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். பங்குனி பத்தாம் தேதி வந்து தூக்கிக்கொண்டு போவார். மெட்ராஸில் எனக்கு ஒரு வேலை கிடைக்காதா என்ன? மண்டபத்தில் ஒயர் சுற்றிக்கூடப் பிழைத்துக்கொள்வேன். நீ சரி என்று மட்டும் எழுது. பஸ் ஏறி வாரேன்.

உன்
சூர்யா

---

சென்னை
17.3.2025

அன்புள்ள மாமா,

காலை எடுத்துக் கையில் வைத்தேன் என்று எழுதியிருந்தீங்களே, அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பக்கத்து அறை பிருந்தா கதவைத் தட்டி, "அக்கா, டேங்க் காலியாகிரும்" என்று கத்தினாள். எனக்கு அவள் முகமே தெரியாது மாமா. இப்போது ஒரு நெற்றி தெரிகிறது. உங்களுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

ஒரு வரி வந்தால் வருவேன் என்று சொன்னது நான்தான். வரி வந்துவிட்டது. இப்போது பேச்சு மாறுகிறேன், என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கோங்க.

வரவேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். போன வாரம் மண்டபத்தில் ஒத்திகை முடிந்ததும், காதிலிருந்த மானிட்டரைக் கழற்றிவிட்டு ஹாலில் இருக்கிற பெரிய ஸ்பீக்கர் முன்னால் போய் நின்றேன். பேஸ் வாசிக்கிறவரிடம் அடிக்கம்பியை ஒரு தடவை மீட்டச் சொன்னேன். என் இரண்டு கையும் தன்னால் வயிற்றுக்குப் போய்விட்டது. அசைகிறதா, அசைகிறதா என்று நின்றுகொண்டே இருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பயந்துபோய் நிறுத்திவிட்டார்.

எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வாரேன் என்கிறீங்க. கிட்டாரை மலையாண்டி அண்ணன் தூக்கிக்கொண்டு போகலாம். உங்கள் விரலை யார் வாங்கிக்கொள்வார்கள்? தூக்கத்தில்கூட என் தோளில் வாசிக்கிற ஆள் நீங்கள். வாசிக்காமல் இருந்தால் நீங்கள் நீங்களாக இருக்க மாட்டீங்க. ஒருநாள் என்னைப் பார்க்கும்போது உங்களுக்கு வெறுப்பு வரும். நான் அதைத் தாங்க மாட்டேன்.

அதைவிட இன்னொன்று இருக்கிறது. எனக்கு அந்தச் சத்தத்தில் அவள் அசையாமல் கிடக்கிறாள். உங்களுக்கு இன்னும் உதைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கீங்க. எனக்காக அதை நிறுத்தச் சொன்னால் நான் என்ன தாய்? மலையாண்டி அண்ணனுக்கு நேற்று நானே போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, "என்னமோ போங்கம்மா" என்றார்.

கல்லுப்பட்டியில் வாசிங்க. பெரிய ஆம்பையே திரும்ப வாங்கி வையுங்க, பத்து இன்ச் எல்லாம் உங்களுக்கு ஆகாது. பாலகணேஷிடம் சொல்லி வேறு பாடகி பார்க்கச் சொல்லுங்க. அம்மா திட்டினாலும் வாரம் ஒரு தடவை போய்ச் சாப்பிட்டுவிட்டு வாங்க. என்னைத் தேடி வராதீங்க.

நம் பிள்ளையும் நானும் ஒரே வீட்டில் உங்களோடு இருக்க முடியாது மாமா. அவளை வச்சுக்கோங்க.

சுபலட்சுமி