ரவி மிதித்த செய்தி

14.08.1992, இரவு

திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. கந்தோரில் இருப்பது ஒரேயொரு எழுதுவினைஞர் வேலை. நானும் ரவியும் போகிறோம்.

பொது அறிவுக்காக இன்று மாலைச் செய்தி கேட்டோம். போர்த் தடையால் பற்றரி கிடைக்காததால் சைக்கிள் டைனமோவில்தான் றேடியோ பாடுகிறது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ரவி ஏறி மிதித்தான். நான் குறிப்பெடுத்தேன். அவன் கால் சோரும்போதெல்லாம் செய்தி வாசிப்பவரின் குரலும் அமுங்கியது.

"டேய், எழுதுறியோ, நித்திரை கொள்ளுறியோ?"

"எழுதுறன், நீ மிதி."

கேட்கப்போகும் கேள்விகள் என் சட்டைப் பையில் இருந்தன. அந்தக் கந்தோரில் வேலை செய்யும் மாமா நேற்றே எழுதித் தந்துவிட்டார். செய்தியைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. தெரிந்துகொண்டே அரை மணி நேரம் அவனை மிதிக்க விட்டேன்.

இறங்கியபோது ரவியின் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. கொப்பியை வாங்கிப் பார்த்தான்.

"நாளைக்கும் நானே மிதிக்கிறன் மச்சான். உன்ரை எழுத்துத்தான் வடிவு."

அந்த வடிவான எழுத்தைப் பார்க்கவே இப்போது அருவருப்பாக இருக்கிறது. மாமாவின் தாளை இந்த ஜாம் போத்தல் விளக்கில் பிடித்தால் நொடியில் எரிந்துவிடும்.

மூன்றாம் கேள்விக்கான விடை மட்டும் இன்னும் பாடமாகவில்லை.