தையல் அறைக்கு மாட்டிய விளக்கு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் இங்கே எங்கள் பொழுது போகிறது. நாங்களும் சுகம் என்று எழுதப் போய்ப் பேனா கொஞ்சம் நின்றது, ஆனாலும் சுகம்தான், பதறாமல் கடைசிவரை படி. போனில் சொல்லியிருக்கலாம், நான் போனைக் கையில் எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், நான் ஒன்று சொன்னால் அவள் அதை நாலு இடத்தில் திருத்துகிறாள், பேசி முடிப்பதற்குள் எனக்கு அலுத்துவிடுகிறது. கடிதத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்திருக்கிறது, அதுவும் "எழுதிக்கோங்க, ஆனா அவளை பயமுறுத்துற மாதிரி எழுதாதீங்க" என்ற நிபந்தனையோடு.

எல்லாம் தையல் அறை விளக்கில்தான் ஆரம்பித்தது. பின்தெரு டீச்சரைத் தெரியுமில்லையா, அம்மாவிடமே எப்போதும் தைக்கக் கொடுப்பவர், அவர் ஒருநாள் ஒரு சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார், ஒரு கையை உள்பக்கம் வெளியே வரும்படி வைத்துத் தைத்திருக்கிறாள் உன் அம்மா. டீச்சர் சத்தம் போடவில்லை, சிரித்துக்கொண்டேதான் காட்டினார், அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை. அவர் போன பிறகு பழி முழுவதும் விளக்கின் தலையில் விழுந்தது. "இந்த ரூம்ல மனுஷி எப்படி தைக்கிறது, குகை மாதிரி இருக்கு" என்று காலையில் ஒரு தடவை, சாப்பாட்டின்போது ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை. டியூப்லைட்டை மாற்றினேன், குகை குகையாகவே இருந்தது. ஜன்னல் திரையைக் கழற்றினேன், அதற்கும் அதே பாட்டு. கடைசியில் கடைக்குப் போய் மேல்தளத்தோடு ஒட்டிக்கொள்ளுமே, தட்டு மாதிரி பெரிய வட்ட விளக்கு, அதை வாங்கி வந்தேன். கடைக்காரர் இது ஒரு கல்யாண மண்டபத்துக்கே போதும் சார் என்றார்.

எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்பினால் நாளைக்கு வருகிறேன் என்றார், அவருடைய நாளை எந்த வாரத்தில் வரும் என்று தெரியவில்லை. பெட்டி கூடத்து மூலையில் கிடந்தது, போகும்போதும் வரும்போதும் என் கால் அதில் இடித்தது, அம்மாவின் முணுமுணுப்பும் நிற்கவில்லை, சரி நாமே மாட்டிவிடுவோம் என்று பக்கத்துக் கம்பவுண்டர் வீட்டு ஏணியையும் துளைபோடும் மெஷினையும் கடன் கேட்டு வாங்கி வந்தேன். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிய தோள்கள் பாப்பா இவை, ஸ்டியரிங் உயரத்துக்கு மேல் தூக்கினால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்கின்றன. பழைய டியூப்லைட் பட்டையைக் கழற்றினால் அதன் ஓட்டை ஒரு பக்கம், புது விளக்கைத் தாங்கும் தகட்டின் ஓட்டை ஒரு பக்கம், புதிதாகத் துளை போட வேண்டியிருந்தது, காரை எல்லாம் என் முகத்திலும் மூக்கிலும். அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள். ஆணியைக் கொடு என்றால் திருப்புளியைக் கொடுத்தாள், திருப்புளி கேட்டால் கையை நீட்டியபடி பெட்டிக்குள் துழாவினாள், எனக்கு எரிச்சல் வந்து எங்கே பராக்குப் பார்க்கிறாய் என்றுகூடக் கேட்டுவிட்டேன். துளை போட்டு முடித்ததும் இறங்கிப் போய் மெயினை அணைத்தேன், மறுபடி ஏறி ஒயர்களைச் சேர்த்து, முறுக்கி, டேப் சுற்றி, தகட்டை முடுக்கி, விளக்கை அதன் மேல் திருகி உட்கார வைப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது, சட்டை பிழிந்தால் ஒரு வாளி வரும். மேலே நின்றபடியே போடு சுவிட்சை என்றேன்.

சுவிட்ச் சத்தம் கேட்டது. உன் அம்மா முகத்தை மேலே தூக்கி, வாய் நிறையச் சிரித்து, "அப்பாடா, இப்பதாங்க ரூம் ரூமா இருக்கு, எவ்வளவு பளிச்சுனு இருக்கு பாருங்க, இதை அப்பவே செஞ்சிருக்கலாம்" என்றாள். நான் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. எங்கே தப்புச் செய்தோம் என்று யோசித்தபிறகுதான் மெயினையே இன்னும் போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துச் சிரிக்கக்கூட வாயெடுத்தேன். அவள் அந்த எரியாத விளக்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல் நின்றாள் பாப்பா. ஏணிப்படி ஒவ்வொன்றாகப் பிடித்து இறங்கினேன். போய் மெயினைப் போட்டுவிட்டு வந்தேன். அறை வெள்ளையாக எரிகிறது, எனக்குக் கண் கூசுகிறது, அவள் அதற்குள் மெஷின் முன்னால் உட்கார்ந்து துணியைத் தடவிக்கொண்டிருந்தாள், தலையைக்கூடத் தூக்கவில்லை. இப்பதான் கரண்டு வந்தது என்றேன். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே, "கழுத்து வலிக்க ஏறி மாட்டுறீங்க, நல்லா இல்லைனு எப்படிங்க சொல்றது" என்றாள்.

வலது கண்ணில் சமையல் ஆவி பிடித்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல இருக்கிறதாம், இடது கண்ணில் ஓரத்தில் வருவது ஒன்றும் தெரிவதில்லையாம். எவ்வளவு நாளாக என்று கேட்டால் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறாள். ஊசியில் நூல் கோர்ப்பதெல்லாம் விரல் பழக்கத்தில்தான். உன்னிடம் சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய், என்னிடம் சொன்னால் தையலை நிறுத்து என்பேன், அதனால் சொல்லவில்லை என்றாள். இரண்டுமே நடந்திருக்கும், அதனால் நான் வாதாடவில்லை. அன்று மாலை அவள் சமையலறைக்கு நடக்கும்போதுதான் கவனித்தேன், ஒரு கை சுவரைத் தொட்டபடியே போகிறது.

ஆஸ்பத்திரி அலைச்சலை எழுதி உன்னைச் சோர்வடையச் செய்ய மாட்டேன், ஒரு வரிசையில் நின்று சீட்டு வாங்கினால் அந்தச் சீட்டோடு இன்னொரு வரிசை, அவ்வளவுதான். வலது கண்ணில் புரை, அதை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்துவிட்டார்கள், நல்லபடியாக முடிந்தது. இடது கண்ணில் புரை மட்டுமில்லை, கண்ணுக்குள்ளே அழுத்தமும் இருந்திருக்கிறது, "போன பார்வை போனதுதாங்க, இருக்கிறதை காப்பாத்திடலாம்" என்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்லிவிட்டார். அதற்கு ஆயுசுக்கும் சொட்டு மருந்து விட வேண்டும். இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து அம்மா கேட்டது என்ன தெரியுமா, ஒரு கண்ணை வைத்துக்கொண்டு பித்தான் துளை தைக்கலாமா என்று. இப்போது குனியக்கூடாது, முகத்தில் தண்ணீர் படக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது, ஆகவே சமையல் என் கையில். சாதம் குழைகிறது, இல்லையென்றால் வேகவில்லை, சாப்பிட்டுவிட்டு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறோம். மருந்து விட்டு, பாத்திரம் கழுவி, மறுபடி மருந்து விட்டு உட்கார்ந்தால் அப்படியே கண் சொக்குகிறது. உடம்பு களைத்துப் போனது நிஜம், அதற்காக நீ உடனே கிளம்பாதே, டீச்சரும் கம்பவுண்டர் வீட்டுக்காரியும் மாறி மாறி எட்டிப் பார்க்கிறார்கள். ஒன்று மட்டும் தள்ளிப்போடாமல் செய். இந்த அழுத்த வியாதி குடும்பத்தில் வருமாம், நீ உன் கண்ணை ஒரு தடவை காட்டிவிடு. எனக்கு நல்லாத்தான் தெரிகிறது என்று சொல்லாதே, அந்த வசனத்தை இந்த வீட்டில் நிறையக் கேட்டாயிற்று.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று உன் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்க்கவில்லை, என் போனை வாங்கினாள். பேரன் பிறந்ததிலிருந்து நீ அனுப்பிய படங்களை எல்லாம் முதலிலிருந்து எடுத்துத் தரச் சொன்னாள். ஒவ்வொரு படம் வந்தபோதும் அப்படியே தாத்தா ஜாடை என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னவள்தானே, ஏற்கனவே பார்த்ததுதானே என்றேன். போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு படத்தில் நிறுத்தினாள், விரலால் பெரிதாக்கினாள். "ஏங்க, இவன் சிரிச்சா கன்னத்துல குழி விழுது, எனக்கு யாருமே சொல்லலையே" என்றாள்.

டாக்டர் அழக்கூடாது என்று சொல்லியிருந்தார். அவள் அழவில்லை.

அடுத்த தடவை போனில் பேசும்போது படம் தெரிகிற மாதிரி கூப்பிடு, பேரனை வெளிச்சத்தில் உட்கார வை, ஏதாவது சொல்லிச் சிரிக்க வை, நீ அதிகம் பேசாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். கண்ணைக் காட்டிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதிப் போடு.

உன் அப்பா