நான்கு டயரும் ஒரே அளவு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். பயப்பட ஒன்றுமில்லை, கோபம்தான்.

மலைப்பாதையில் நில அளவெடுக்கப் போக, நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய காரைக் குறைந்த செலவில் தரையிலிருந்து உயர்த்தினோம். அடியில் இரும்புத் தகடு நானே பூட்டினேன். மேலாளர் முன்சக்கரங்களுக்கு மட்டும் பெரிய டயர் வாங்கினார்.

"நாலும் ஒரே அளவா இருக்கணும் சார், இல்லேன்னா கியர் அரைச்சிடும்" என்றேன்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் கியர்ப்பெட்டி நொறுங்கியது. நான் ஓட்டியதுதான் காரணமென்று தாளில் எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்.

"டயர் அளவையும் எழுதுங்க, போடறேன்" என்றேன். அதிலிருந்து இங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை. ஞாயிறு கட்டாயம் கூப்பிடுங்கள். கை காய்ப்புக்குப் போடும் களிம்பும் அனுப்புங்கள்.

மேலாளர் அறைக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். வேலையே போனாலும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்